ஒத்தக் காலடி

குருன்னா வெள்ளைத் தாடி, சிஷ்யன்னா அரும்பு மீசைன்னு நெனச்சிக்கிட்டு வந்து உக்காந்திருக்கீங்களா? அப்ப எந்திரிச்சு ஒருவாட்டி மாத்தி உக்காந்துக்கங்க. இந்தக் கதையில தாடி சிஷ்யனுக்கு. குருவுக்குத் தலையில ஒரு நரை கெடையாது. தூக்கிச் சொருகின சேலை, கையில சிமெண்டுக் கரண்டி, அம்புட்டுத்தான்.

குரு பேரு பவுனுத்தாயி. திண்டுக்கல் பைபாஸ் ஓரத்துல பொம்மைப் பட்டறை வச்சிருக்கு. தோட்டத்துல வைக்கிற சிமெண்டுப் பொம்மைங்க. வாத்து, தவளை, மான், குடம் சாய்க்கிற பொண்ணு, கேட்டு மேல உக்கார்ற சிங்கம். சிங்கம் எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி. பல் வலியில ராத்திரி பூரா முழிச்சிருந்த மூஞ்சி.

சிஷ்யன் பேரு இன்னாசி. காலம் பூரா லாரி ஓட்டுன மனுசன். லாரியை விட்டு எறங்கிட்டாரு. லாரி நின்னுருச்சு, வாய்தான் நிக்கல.

ஒருநா காலையில பட்டறைக்குள்ள வந்து நின்னு கும்புடு போட்டாரு.

"வாத்தியாரே, எனக்குத் தொழில் கத்துக்குடுங்க."

பவுனுத்தாயி பின்னாடி திரும்பிப் பாத்துச்சு, அங்க ஏதும் வாத்தியார் நிக்கிறாரான்னு. ஒரு மான்தான் நின்னுச்சு.

"என்னையவாண்ணே சொல்றீங்க?"

"மானைச் சொல்லல."

"இந்த வயசுலயா?"

"வயசு எனக்குத்தான ஆச்சு. வாத்துக்கா ஆச்சு?"

"எதுக்குண்ணே கத்துக்கணும்?"

"ஒரே ஒரு பொம்மை பண்ணனும். அதைப் பண்ணிட்டா இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"என்ன பொம்மை?"

இன்னாசி தாடியைச் சொறிஞ்சாரு. அந்தப் பக்கம் பாத்தாரு, இந்தப் பக்கம் பாத்தாரு.

"அப்புறமாச் சொல்றேன்."

பவுனுத்தாயி துருவிக் கேக்கல. ஒரு அச்சைத் தூக்கி அவரு கையில குடுத்துச்சு.

"மொதல்ல வாத்து."

வாத்து அச்சு ரெண்டு பாதி. பொட்டியை மூடுற மாதிரி ரெண்டையும் சேத்து நட்டு முறுக்கணும். உள்ள வாத்து மாதிரியே வெத்து எடம். அதுக்குள்ள சிமெண்டும் மணலும் கொழைச்சு ஊத்தணும், சுத்தித் தட்டணும், விட்டுறணும். அந்தக் கடைசி வேலைதான் நம்மாளுக்கு ஆகல. காலையில ஊத்துனவரு மத்தியானச் சோத்தைத் தின்னுட்டு வந்து கைகூடக் காயாம நட்டைக் கழட்டிட்டாரு.

உடம்பு வெளிய வந்துச்சு. கழுத்து உள்ளயே நின்னுக்கிச்சு.

"வாத்தியாரே, சுகப்பிரசவம்!"

"தலை எங்கண்ணே?"

"பின்னாடி வரும் போல."

பவுனுத்தாயி சிரிக்கவும் இல்ல, வையவும் இல்ல. கழுத்தை நெம்பி எடுத்துச்சு. ரெண்டு ஒடைஞ்ச பக்கத்தையும் பிரஷ் போட்டுக் கழுவிச்சு, தண்ணி தெளிச்சு ஈரமாக்குச்சு, சிமெண்டைப் பால் மாதிரிக் கரைச்சுத் தடவி ஒட்டி வச்சிச்சு. மறுநா அந்த வாத்தைக் கழுத்தைப் புடிச்சுத் தூக்கிக் காட்டுச்சு. விட்டுப் போகல.

"அடேங்கப்பா, நம்ம குடும்பமே இப்பிடி ஒட்டுனதில்ல!" அப்பிடின்னாரு இன்னாசி.

அதுல கொஞ்சம் நெசம் இருக்கு. அவரு வீட்டுக்குள்ள ஒரு எட்டுப் போய்ட்டு வருவோம்.

வீட்டுல மிக்கேலம்மா. இன்னாசியோட சம்சாரம். இன்னாசி பத்து வார்த்தை பேசுனா அந்தம்மா ஒண்ணு பேசும். அந்த ஒண்ணு பத்தையும் அடிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கும்.

ரெண்டு பேருக்கும் ஒரே மக, ஜெசிந்தா. அயர்லாந்துல நர்ஸா இருக்கா. நல்ல பிள்ளை. தவறாம வீடியோவுல வருவா. அவ மூஞ்சி தெரியும், அவரு மூஞ்சிக்குப் பதிலா அவரு காது தெரியும். போனை இன்னாசி அப்பிடித்தான் பிடிப்பாரு.

"அப்பா, காதை எடு. மூஞ்சியக் காட்டு."

"நல்லா இருக்கியா ஆத்தா?"

"நல்லா இருக்கேன். டைல்ஸ் படம் அனுப்புனேனே, பாத்தியா?"

"எதுக்கு ஆத்தா டைல்ஸு? தரை நல்லாத்தான இருக்கு."

"எங்க நல்லா இருக்கு? பொரிஞ்சு பொரிஞ்சு கெடக்கு. நெலைப்படிக்கிட்ட ஒரு பெரிய குழி வேற. அம்மா கால் தடுக்கி விழுந்தா யாரு பாக்குறது?"

இன்னாசி போனைத் தூக்கிக்கிட்டு நெலைப்படிக்கிட்ட ஓடுனாரு. தரைக்கு நேரா குனிஞ்சு காட்டுனாரு.

"இந்தக் குழி யாருதுன்னு தெரியுதா?"

"கொத்தனாரு சரியாப் பூசாம விட்டதுதானப்பா?"

இன்னாசி கொஞ்ச நேரம் தரையைப் பாத்தாரு. அப்புறம் செத்துப்போன கொத்தனாரு கொரல்ல, மூக்கால பேசுனாரு. "ஆமா தாயி, நான்தான் விட்டேன். பீடி பத்த வைக்கப் போன நேரத்துல விட்டுப்போச்சு தாயி!"

மக கெக்கெக்கென்னு சிரிச்சா. அம்மாவும் சிரிச்சுச்சு. இன்னாசியும் சிரிச்சாரு. போனை வச்சதுக்கப்புறம் மூணு பேர்ல ஒருத்தரு மட்டும் நெலைப்படிக்கிட்டயே உக்காந்திருந்தாரு.

அது ஜெசிந்தாவோட காலு. நாலு வயசுல. அந்தத் தரை போட்ட அன்னைக்கே, சிமெண்டு ஈரத்துல பதிஞ்சது. குதிகாலு ஒரு குழி, அஞ்சு வெரலும் அஞ்சு சின்னக் குழி.

மிக்கேலம்மா வீடு கூட்டுறப்ப அதுக்குள்ள குப்பை போய் உக்காரும். வாய்க்கு வந்தபடி வையும். தொடைக்கிறப்ப அதுக்குள்ள தண்ணி நிக்கும். இன்னாசி தோள்ல கெடக்குற துண்டை எடுத்துக் குதிகால், உள்ளங்கால், வெரல்னு ஒண்ணொண்ணா ஒத்தி எடுப்பாரு. குளிப்பாட்டி விட்ட பிள்ளைக்குத் தொடைக்கிற மாதிரி.

"பிள்ளை போன்ல கூப்புட்டா ரெண்டு நிமிசம் பேச மாட்டீங்க. தரையோட மட்டும் நாள் பூரா பேசுங்க" அப்பிடின்னு சொல்லும் மிக்கேலம்மா.

"போன்ல வர்றது நர்ஸம்மாடி. மாத்திரை போட்டியான்னு கேக்குது."

"அப்ப இது?"

"இது ஜெசிப்பாப்பா."

மிக்கேலம்மா வெளக்கமாத்தை ஒருதரம் தட்டிட்டுப் போயிரும்.

மனுசனுக்கு ஒரு கொறை. ஒரிசாவுக்குப் போய் லோடு எறக்கிட்டு வர்றதுக்குள்ள பிள்ளைக்குப் பல்லு விழுந்திருக்கும். குஜராத்துக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள பல்லு மொளைச்சிருக்கும். தவந்ததைப் பாக்கல. நடந்ததைப் பாக்கல. சைக்கிள்ல விழுந்ததைப் பாக்கல, முழங்கால் தழும்பைத்தான் பாத்தாரு. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்தா வேற ஒரு பிள்ளை கதவைத் தெறக்கும். அவரு பாத்த பிள்ளை போயிருக்கும். இப்ப லாரி இல்ல, ஒரு சோலியும் இல்ல. பிள்ளையைப் பாத்துக்கிட்டே இருக்கலாம். பிள்ளைதான் இல்ல. தரையில ஒரு காலு இருக்கு. அதுக்கு மேல டைல்ஸ் வரப்போகுது.

டைல்ஸ்காரன் வந்து பாத்தான். அவன் பேசுறதைக் கேட்டா வீடு நம்மளுதுன்னே மறந்துபோகும். "சார், இது இத்தாலி பினிஷ் சார். இதுல நடந்தா நடக்கிற மாதிரியே இருக்காது சார்."

"அப்ப எதுக்குடா தரை? தம்பி, இந்த ஒரு எடத்தை மட்டும் அறுத்து எடுத்துத் தர முடியுமா?"

அவன் வெரலால தட்டிப் பாத்தான். உள்ள பொத்பொத்துன்னு கேட்டுச்சு.

"பழைய தரை சார். கட்டர் வச்சா முறுக்கு மாதிரி நொறுங்கிரும்."

அதுக்கப்புறம்தான் இன்னாசி பட்டறைக்குப் போனது. அந்தக் குழிதான் அச்சு. அதுக்குள்ள சிமெண்டை ஊத்தி எடுத்தா பிள்ளை காலு கையில வந்துரும். மழையில கெடந்தாலும் கரையாது, வெயில்ல கெடந்தாலும் வெடிக்காது. தோட்டத்துல முருங்கை மரத்தடியில வச்சுக்கலாம். யாரும் மேல டைல்ஸ் போட முடியாது.

இதையெல்லாம் வாத்தியார்கிட்டச் சொல்றதுக்கு அவருக்கு வெக்கமா இருந்துச்சு. வாத்து ஊத்துனாரு. தவளை ஊத்துனாரு. சிங்கம் ஊத்துனாரு. ஒவ்வொண்ணு வெளிய வர்றப்பவும் அதது கொரல்ல பேசுவாரு. தவளை சொல்லும், "என்னண்ணே, இம்புட்டு நேரம் உள்ள போட்டுப் பூட்டிட்டீங்க?" சிங்கம் சொல்லும், "பல்லு வலிக்குதுண்ணே."

வாங்க வர்றவங்க சிரிச்சிட்டு ரெண்டு சேத்து வாங்குனாங்க. பவுனுத்தாயிக்குத்தான் வாயோரம்கூட அசையல. அது பாத்ததெல்லாம் அவரு கையை.

ஒருநா அச்சுக்குள்ள எண்ணெய் தடவுறப்ப இன்னாசி கேட்டாரு.

"வாத்தியாரே, இது எதுக்கு?"

"வீட்டுல இட்லித் தட்டுல எதுக்குத் தடவுறாங்க?"

"இட்லி ஒட்டாம வர்றதுக்கு."

"அதுக்குத்தான்."

"ஆனா இங்க பாருங்க." வாத்தோட ரெக்கையைக் காட்டுனாரு. "எண்ணெய் தேங்குன எடத்துல ரெக்கைக் கோடு விழல. மழுங்கிப்போச்சு. எண்ணெயே இல்லாம ஊத்துனா கோடெல்லாம் அச்சு அசலா வரும்ல?"

"வரும்."

"அப்பறம்?"

"வரும். வெளிய வராது."

இன்னாசி எண்ணெய்த் துணியைக் கையில வச்சுக்கிட்டே நின்னாரு.

"அச்சுக்கும் பொம்மைக்கும் நடுவுல என்னமாச்சும் ஒண்ணு இருக்கணும்ணே" அப்பிடின்னுச்சு பவுனுத்தாயி. "மெலிசா இருந்தாப் போதும்."

"அந்த மெலிசுல கொஞ்சம் போயிருமே."

"போகும்."

"அது போகாம எடுக்க வழியே இல்லியா?"

பவுனுத்தாயி அவரு கையில இருந்த துணியை வாங்கி, தவளை அச்சுக்குள்ள மூலை முடுக்கெல்லாம் தடவ ஆரம்பிச்சிருச்சு.

அன்னைக்குத்தான் இன்னாசி வாயைத் தெறந்து எல்லாத்தையும் சொன்னாரு. காலு, குழி, டைல்ஸ், முருங்கை மரத்தடி. யாரு கொரலும் வைக்காம அவரு சொந்தக் கொரல்ல சொன்னாரு. அந்தக் கொரலைப் பவுனுத்தாயி அதுவரைக்கும் கேட்டதே இல்ல.

கேட்டு முடிச்சிட்டு அது சொல்லுச்சு. "சிமெண்டுக்குள்ள சிமெண்டு ஊத்துறது வெளையாட்டு இல்லண்ணே. ஒண்ணோட ஒண்ணு ஓடிப்போய்க் கட்டிக்கிரும். ஞாயித்துக்கெழமை நானே வர்றேன். அதுவரைக்கும் நீங்களா கை வைக்காதீங்க."

"சத்தியமா வைக்க மாட்டேன்."

வெள்ளிக்கெழமை காலையில டைல்ஸ்காரன் போன் பண்ணிட்டான்.

"சார், ஞாயித்துக்கெழமை இன்னொரு சைட்டு வந்துருச்சு. நாளைக்கே ஆளு வருது சார். சாமானையெல்லாம் ஒதுக்கி வச்சிருங்க சார்."

இன்னாசி பட்டறைக்கு ஓடுனாரு. பவுனுத்தாயி பொம்மை ஏத்திக்கிட்டுக் கொடைக்கானல் போயிருந்துச்சு. போன் போட்டாரு. மலைமேல போன் எடுக்கல. சிங்கத்தைப் பாத்தாரு. சிங்கம் அதோட பல்லு வலியில இருந்துச்சு.

ஒரு சட்டி சிமெண்டு, ஒரு சட்டி சலிச்ச மணல், ஒரு பாட்டில் எண்ணெய். எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தாரு. மிக்கேலம்மா கோயில்ல சிலுவைப்பாதைக்குப் போயிருந்துச்சு. அது இருந்திருந்தா கதை வேற.

குழியைச் சுத்தமாக் கூட்டுனாரு. எண்ணெயை வெரல்ல தொட்டாரு. குதிகால்ல தடவுனாரு, உள்ளங்கால்ல தடவுனாரு. அப்பிடியே கட்டை வெரலுக்கு வந்தாரு.

கட்டை வெரலுக்குக் கீழ ஒரு மடிப்பு உண்டு. சின்ன மடிப்பு, நூல் கனம். பிள்ளை குதிகாலைத் தூக்குறப்ப வெரலடியில விழுமே, அந்த மடிப்பு. எம்புட்டுக் காலமாத் தேஞ்ச தரையிலயும் அது மட்டும் தேயல. யாரு வெரலும் உள்ள போகாத இடுக்குங்கிறதால தப்பிச்சிருந்துச்சு. எண்ணெய் போய் அந்த மடிப்புல நெறைஞ்சுச்சு. நெறைஞ்சதும் மடிப்பைக் காணோம்.

இன்னாசி வெரலை வெடுக்குன்னு இழுத்தாரு.

துண்டால ஒத்துனாரு. எண்ணெய் போகல. உள்ள போய் சோப்பு எடுத்தாந்தாரு, பல்லு வெளக்குற பிரஷ் எடுத்தாந்தாரு. அந்தப் பாதத்தை அன்னைக்கு அவரு கழுவுன மாதிரி யாரும் யாரையும் கழுவியிருக்க மாட்டாங்க. ஒரு பொட்டு எண்ணெய் இல்லாம கழுவிட்டு, தண்ணி ஊத்தி அலசிட்டு, அந்த ஈரத்தோடயே சிமெண்டை ஊத்துனாரு. தூக்குறதுக்குத் தோதா நடுவுல ஒரு கம்பி வளையத்தையும் சொருகுனாரு. மெதுவாத் தட்டுனாரு, குமிழி வராம. ஈரச்சாக்கைப் போட்டு மூடுனாரு.

சனிக்கெழமை வந்த டைல்ஸ் ஆளுங்களை வாசல்லயே மறிச்சிட்டாரு.

"உள்ள பிள்ளை தூங்குது. திங்கக்கெழமை வாங்க."

"உங்க வீட்டுல ஏது சார் பிள்ளை?"

"உஸ்ஸ்!"

அவனுக டைல்ஸை வாசல்ல அடுக்கிட்டு, ஆளுக்கொரு பார்வை பாத்துட்டுப் போய்ட்டானுக. மிக்கேலம்மா மட்டும் சாக்கைத் தூக்கிப் பாத்துட்டு, வாயில முந்தானையை வச்சுக்கிட்டு உள்ள போயிருச்சு.

ஞாயித்துக்கெழமை விடிஞ்சதும் விடியாததுமா கம்பி வளையத்தைப் பிடிச்சு இழுத்தாரு. அசையல. ரெண்டு கையாலயும் இழுத்தாரு. கால ஊணி, தம் கட்டி இழுத்தாரு. கம்பி மட்டும் கையோட வந்துச்சு. மனுசன் மல்லாக்க விழுந்தாரு.

குழி இல்ல. தரை சட்டமா இருந்துச்சு. கொத்தனாரு உயிரோட இருந்து பாத்திருந்தா, "அட, இப்பத்தான்யா பூச்சு நேராயிருக்கு" அப்பிடின்னிருப்பாரு.

பவுனுத்தாயி சொன்ன மாதிரியே மொபெட்ல வந்து எறங்குச்சு. கையில எண்ணெய்க்குப் பதிலாத் தடவ ஒரு சின்ன டப்பா மெழுகு, ஒரு மெல்லிசு பிரஷ். உள்ள வந்து பாத்துச்சு. கொண்டாந்ததைச் சத்தமில்லாம நெலைப்படி மேல வச்சிட்டுக் குத்த வச்சு உக்காந்துச்சு.

வெரல் நுனியால தடவிச்சு. பழைய தரை எங்க முடியுது, புது சிமெண்டு எங்க ஆரம்பிக்குதுன்னு நகத்துக்குக்கூடச் சிக்கல. நெறத்துலதான் தெரிஞ்சுச்சு. அஞ்சு வெரலோட ஒரு கருப்புப் பாதம்.

"எண்ணெய்?"

"தடவுனேன். அப்பறம் கழுவிட்டேன்."

"எதுல?"

"சோப்புப் போட்டு. பிரஷ் போட்டு."

"ஏண்ணே?"

"கட்டை வெரலுக்குக் கீழ ஒரு மடிப்பு, வாத்தியாரே. எண்ணெயில அது மறைஞ்சிருச்சு. என்னால முடியல."

பவுனுத்தாயி நிமிந்து அவரைப் பாத்துச்சு.

"ஒடைஞ்ச வாத்துக்குக் கழுத்து ஒட்டுறப்ப நம்ம என்னண்ணே செய்வோம்?"

"நல்லாக் கழுவி, ஈரமாக்கி..." இன்னாசி பாதியில நிறுத்திட்டாரு. ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கிட்டாரு.

மிக்கேலம்மா ரெண்டு டம்ளர் காப்பியோட வந்து நின்னுச்சு. "குடிங்க வாத்தியாரம்மா. இவரு ரெண்டு நாளா ஒண்ணும் இறக்கல. நானாச்சும் ரெண்டு திட்டுத் திட்டுவோம்னு பாத்தா, திட்டுறதுக்கு மனசு வரமாட்டேங்குது."

இன்னாசி காப்பியைத் தொடல.

"உளி வச்சு எடுக்கலாமா?"

"எது பாதம், எது தரைன்னு உளிக்குத் தெரியாதுண்ணே."

"அதுல ஒண்ணாவது மிஞ்சாதா?"

"மிஞ்சாது."

மூணு பேரும் அந்தக் கருப்புப் பாதத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க. வாசல்ல டைல்ஸ் கட்டு வெயில்ல மினுமினுத்துச்சு.

"வெத்துக் குழியாவாச்சும் இருந்துச்சு, வாத்தியாரே" அப்பிடின்னாரு இன்னாசி. "இந்த நெலைப்படியில உக்காந்து வெரலை அதுக்குள்ள விட்டுக்கிட்டு இருப்பேன். குதிகால் என் கட்டை வெரலுக்குச் சரியா இருக்கும். போனவ இந்த வழியாத்தான் போனான்னு ஒரு தடமாச்சும் இருந்துச்சு. அதையும் என் கையாலயே மூடிட்டேன்."

மிக்கேலம்மா மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு.

பவுனுத்தாயி காப்பியை ஒரு மடக்குக் குடிச்சுச்சு. தரையை இந்தக் கடைசிலருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒருதரம் பாத்துச்சு.

"ஏண்ணே, ஒத்தக் காலுதான் இருந்துச்சா?"

"ஆமா."

"நெலைப்படியில ஒரு காலு. அடுத்த காலு எங்க? பிள்ளை நொண்டி வெளையாண்டுச்சா?"

இன்னாசிக்கு அந்த அழுகையிலயும் சிரிப்பு வந்துருச்சு.

"நொண்டியா! அது ஓட்டம், வாத்தியாரே. அன்னைக்கு நான் நாக்பூர் லோடு எறக்கிட்டு வர்றேன். தெருமுக்குல ஆரன் அடிக்கிறேன். உள்ள கொத்தனாரு தரையை மெழுகி முடிச்சிட்டு..." மூக்கால பேச ஆரம்பிச்சிட்டாரு, "'யாரும் காலை வச்சிராதீங்க தாயி, காலை வச்சிராதீங்க தாயி'ன்னு கத்திக்கிட்டிருக்காரு. நான் வாசலுக்கு வர்றேன். இந்தக் கழுதை அடுப்படியிலருந்து ஒரே ஓட்டம். ஓரத்துல போட்டிருந்த பலகை மேல தொம்முதொம்முன்னு ஓடியாந்து, நெலைப்படிக்கிட்ட பலகை முடிஞ்சதும், அப்பாங்குது, பொத்துன்னு குதிக்குது. ஒரு காலு பதிஞ்சிருச்சு. அடுத்த காலு கீழ படுறதுக்குள்ள நான் எட்டி அள்ளிட்டேன்."

கையை அள்ளுற மாதிரியே வச்சிருந்தாரு.

"ஏன் அள்ளுனீங்க?"

"என்ன வாத்தியாரே, தெரியாத மாதிரிக் கேக்குறீங்க? பச்சைச் சிமெண்டு. பிஞ்சுத் தோலு. அரிச்சுப் புண்ணாக்கிராதா? இறுகிப்போனா அப்பறம் காலை எப்பிடி எடுக்குறது? அள்ளிக்கிட்டே ஓடிப்போய் தொட்டித் தண்ணியில கழுவி விட்டேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? கீழ விட்டதுதான் தாமசம், ஓடிட்டா. லாரியைப் பாக்கணுமாம். நான் பின்னாடியே கத்துறேன், நின்னு ஒரு வார்த்தை பேசிட்டுப் போடின்னு. எங்க நின்னா?"

பவுனுத்தாயி காப்பி டம்ளரைக் கீழ வச்சிச்சு. அந்தக் கருப்புப் பாதத்து மேல உள்ளங்கையை வச்சு ஒருதரம் அமுக்கிப் பாத்துச்சு.

"அன்னைக்கு நீங்க அள்ளாம விட்டிருந்தா, பிள்ளை ஓடியிருக்காது, இப்பிடித்தான்ணே இறுகி நின்னிருக்கும்."